கையைத் தூக்கக் கூச்சப்பட்டேன்

எனக்கு 41 வயது. நீச்சல் கற்றுக்கொண்டது 39-ல். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் எங்கள் வீட்டில் பீச்சுக்குப் போவது என்றால் சுண்டல், மிளகாய்ப் பொடி தூவிய மாங்காய், அப்புறம் கால் நனைப்பது, அவ்வளவுதான். முட்டிக்கு மேலே ஒரு சொட்டு பட்டாலும் அம்மா கரையிலிருந்து கத்துவார். அதனாலேயோ என்னவோ, பெண்களுக்கான காலை நேரத்தில் நீச்சல் குளத்தில் சேர்ந்து, ஒன்றரை வருடத்தில் 25 மீட்டர் குளத்தை நிற்காமல் 40 முறை கடந்த அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒரு கிலோமீட்டர்! இனி கடல்தான் என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு நான் கொடுத்த விலை 22,030 ரூபாய். நான் கொடுக்காமல் தப்பிய விலையை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. தனியாகப் போய் மாட்டிக்கொண்டதால், அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்ததையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் செய்தது சரியான காரியம்தான். சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளத்தில், பலகைமேல் நின்று அலையில் சறுக்குகிற சர்ஃபிங் வகுப்பில் சேர்ந்தேன். ஐந்து வகுப்புக்கு 7,500 ரூபாய், மொத்தமாக முன்பணம். சொல்லிக்கொடுத்தது அங்கே மீனவர் குப்பத்திலேயே வளர்ந்த பையன், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். முதல் அரை மணி நேரம் மணலில் பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்க வைத்து, துடுப்பு போடுவது மாதிரி கையை வீச வைத்து, "இப்ப எழுந்திரிங்க அக்கா" என்று சொல்லிச் சொல்லி இடுப்பை ஒடித்துவிட்டான். அப்புறம் தண்ணீர். இடுப்பளவு ஆழத்தில், ஏற்கெனவே உடைந்து நுரையாக வருகிற அலையில்தான் புதியவர்களுக்குப் பாடம். அலை வரும் நேரம் பார்த்து அவன் பலகையைத் தள்ளுவான், நாம் எழுந்து நிற்க வேண்டும். மூன்றாவது வகுப்பில் நான்கு நொடி நின்றேன். என் பிரசவத்துக்குப் பிறகு அவ்வளவு கத்தியது அன்றைக்குத்தான்.

பெண்கள் யாராவது போவதாக இருந்தால் ஒரு வார்த்தை. காட்டன் சுடிதாரோடு போகாதீர்கள், தண்ணீர் குடித்தால் அது உங்களைக் கீழே இழுக்கிற மூட்டை. முழுக்கை லைக்ரா மேல்சட்டையும் லெக்கிங்ஸும் போதும், வெயிலுக்கும் பலகையில் வயிறு தேய்ந்து புண்ணாவதற்கும் அதுவே மருந்து. விழும்போது தலைகுப்புற விழாமல் மல்லாக்கத் தட்டையாக விழ வேண்டும், ஆழம் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும், ஏனென்றால் காலில் கயிறு கட்டிய பலகை திரும்பி வந்து மண்டையில்தான் அடிக்கும். முக்கியமாக, அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையை ஒருபோதும் வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் நாள் எனக்கு உதடு கிழிந்தது அதனால்தான்.

இன்னொன்று, எனக்குக் கண் பவர் மைனஸ் ஐந்தரை. கண்ணாடியைக் கழற்றினால் பத்தடி தள்ளி நிற்பது மனிதனா மரமா என்பதே சந்தேகம். வகுப்பில் அவனிடம் இதைச் சொன்னேன், கை ஜாடைக்குப் பதிலாக விசில் அடிக்கிறேன் என்றான். பலகை மிதக்கிறது, அலை எப்போது வரும் என்பதை அவன் பார்த்துக்கொள்கிறான், ஓட்டம் எந்தப் பக்கம் என்பதும் அவன் கவலை. நானோ எல்லாமே என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வகுப்பு முடிந்து கிளம்பும்போது, "போர்டு இல்லாம தனியா எங்கயும் எறங்கிடாதீங்க அக்கா" என்றான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. வகுப்புக்கு நடுவே கொஞ்சம் கடல் நீச்சல் பழகினால் கை பலப்படுமே என்று யோசனை. வீட்டில் வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்தேகால் மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் கணவர் வேண்டாம் என்பார், மகள் சிரிப்பாள், ரெண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆக, நான் கடலில் இருக்கிறேன் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை மட்டும் படிப்பீர்கள் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

பெசன்ட் நகர், எலியட்ஸ் பீச். கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு நேராகப் பையை மணலில் வைத்தேன், அந்த வெள்ளைக் கட்டடம் அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று. ஆழம், குளிக்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. இருபது வருடமாகப் பார்க்கிற பலகை என்பதால் அது என் கண்ணில் படவே இல்லை. செல்போனை 250 ரூபாய்க்கு வாங்கிய, தண்ணீர் புகாத பை ஒன்றில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியை எலாஸ்டிக் பட்டை போட்டுத் தலையோடு கட்டினேன். ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்தது. அழகு, அதில் சந்தேகமில்லை.

எந்த இடத்தில் இறங்கலாம் என்று பார்த்தேன். இடப் பக்கமும் வலப் பக்கமும் அலை உயர்ந்து உடைந்து வெள்ளையாக நுரைத்தது. நடுவில் பதினைந்து இருபது மீட்டர் அகலத்துக்கு மட்டும் அலையே உடையவில்லை. தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாக, தெருவுக்கு நடுவே போட்ட பாதை மாதிரி இருந்தது. கோயிலில் கூட்டமில்லாத வரிசையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு நேராக அதற்குள் நடந்து போனேன்.

அந்த இடம்தான் பொறி. அன்றைக்கு எனக்குத் தெரியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக எல்லாம் சேர்ந்து ஆறு மாதிரி உள்ளே ஓடும். பள்ளம் என்பதால் அங்கே அலை உடையாது, அதனால்தான் அமைதியாகத் தெரிகிறது. ரிப் கரன்ட் என்று சொல்வது இதைத்தான். எப்போதும் வேகமாக இருக்காது, ஆனால் சில நேரம் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். நான் குளத்தில் 25 மீட்டருக்கு 40 நொடி எடுக்கிறவள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நொடிக்கு அறுபது சென்டிமீட்டர் சொச்சம்.

முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். கை வீச வீச விர்ரென்று போகிறேன், அட, கடலில் நீந்துவது குளத்தைவிடச் சுலபமாக இருக்கிறதே என்று வியந்தேன். (ஓட்டம் இழுத்துக்கொண்டு போகிறது என்று தோன்றவே இல்லை.) அப்புறம் ஒரு அலை பக்கவாட்டில் வந்து முகத்தில் அறைந்தது. எலாஸ்டிக் நழுவியது, கையை வைத்துத் துழாவினேன், கண்ணாடி போயே போய்விட்டது. சரி, போதும் என்று கரையைப் பார்த்துத் திரும்பினேன். கரை என்று ஒன்று இல்லை. பழுப்பாக ஒரு கோடு, அதில் வெள்ளையாக ஒரு தீற்றல், அதுதான் ஷ்மிட் மண்டபம் என்று யூகித்தேன். அதை நோக்கி நீந்த ஆரம்பித்தேன். குளத்தில் ஒவ்வொரு 25 மீட்டருக்கும் ஒரு சுவர் வரும், தொட்டு மூச்சு வாங்கலாம். இங்கே எவ்வளவு கை வீசியும் அந்த வெள்ளைத் தீற்றல் பெரிதாகவில்லை. மாறாகக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்ந்தது. மூச்செடுக்க வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். ஒரு வாய், இரண்டு வாய். தோள்பட்டை கல்லாகிவிட்டது.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். கரையில் ஆட்கள் இருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் படகு இஞ்சின் சத்தம் கேட்டது. கையைத் தூக்கி ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. "நாற்பது வயசுல இந்தப் பொம்பளைக்கு இது தேவையா" என்று நாலு பேர் கரையில் நின்று பேசுவது காதில் கேட்பது மாதிரி இருந்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் தெரிந்த முகம் இருந்தால்? வீட்டுக்குத் தெரிந்துவிட்டால்? மூழ்கிக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு இதெல்லாமா தோன்றும் என்பீர்கள். தோன்றியது. ஒரு மூன்று நிமிடம் இருக்கும், அந்தக் கூச்சத்தோடு எதிர்த்து நீந்தி இருந்த சக்தியையெல்லாம் தீர்த்தேன்.

பிறகு நான் எந்த அறிவையும் பயன்படுத்தவில்லை, உடம்பு கைவிட்டது, மல்லாந்துவிட்டேன். குளத்தில் எங்கள் கோச் அம்மா முதல் வாரமே மிதக்கக் கற்றுக்கொடுத்து, "மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். அதுதான் காப்பாற்றியது. ஓட்டம் உங்களை அடியில் இழுத்து அமுக்காது, உள்ளே கொண்டுபோகும், அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். எதிர்த்து நீந்தாமல் மிதந்தால் அதுவே ஓரிடத்தில் விட்டுவிடும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி அந்தப் பாதையைவிட்டு வெளியேறி, அலை உடைகிற பக்கமாகக் கரைக்கு வர வேண்டும். நுரை இருக்கிற பக்கம் கரைக்கு வரும் வழி, நுரை இல்லாத பக்கம் கடலுக்குப் போகும் வழி. எனக்குப் பக்கவாட்டில் நீந்தவெல்லாம் தெம்பு இல்லை. வானத்தைப் பார்த்தபடி ஒரு கையை மட்டும் தூக்கினேன். அப்போதுதான், முதல் முறையாக.

இரண்டு நிமிடத்துக்குள் ஒரு ஃபைபர் படகு பக்கத்தில் வந்து இஞ்சினை அணைத்தது. ஊரூர் குப்பத்துக்காரர்கள், வலை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்புகிறவர்கள். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து, மீனை இழுப்பது மாதிரி உள்ளே இழுத்துப் போட்டார்கள். வலைமேல் கிடந்து வாந்தி எடுத்தேன். அதில் பெரியவர், என் அப்பா வயது இருக்கும், தலையில் அடித்துக்கொண்டார். "கையத் தூக்க வேணாமாம்மா? நாங்க அப்பலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கோம். நீ ஷோக்கா நீஞ்சிக்கினு இருக்க, இன்னாத்துக்கு வந்து தொந்தரவு பண்றதுன்னு வுட்டுட்டோம்." முறையாக நீந்துகிறவள் மூழ்குவது வெளியே தெரியாது. தண்ணீரில் சிக்குகிறவர்கள் கத்துவார்கள் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் கத்த மூச்சே இருக்காது. கையைத் தூக்குவது ஒன்றுதான் மொழி, அதையும் தெம்பு இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

குப்பத்தில் இறக்கிவிட்டார்கள். ஒரு அம்மா கறுப்பு டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கொடுத்தார், ஒரு பழைய நைட்டியையும் போர்த்திவிட்டார். ஷ்மிட் மண்டபம் தெற்கே நல்ல தூரத்தில் இருந்தது. அங்கே போய்ப் பையைத் தேட எனக்குக் கண்ணில்லை, அந்தம்மாவின் பேரன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். பை வைத்த இடத்தில் இல்லை. சைக்கிளில் டீ விற்கிறவர் நாய் இழுக்கிறதே என்று எடுத்து வைத்திருந்தார். அவருக்காகக் காத்திருந்தபோது அந்த மண்டபத்தின் அடியில் உட்கார்ந்தேன். கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930-ல் தானே மூழ்கிப்போன டென்மார்க்காரருக்கு எழுப்பியது அது. அதன் நிழலில் எத்தனை முறை பஜ்ஜி சாப்பிட்டிருப்பேன், கல்லூரிக் காலத்தில் படம்கூட எடுத்திருக்கிறேன், ஒருநாளும் யாருக்காக என்று கேட்டதில்லை. அவர் நினைவாகச் சொல்கிறேன், யாராவது தண்ணீரில் சிக்கினால் நீங்கள் குதிக்காதீர்கள். பிளாஸ்டிக் கேன், கயிறு, பந்து, மிதக்கிற எதையாவது எறியுங்கள், குப்பத்துக்காரர்களைக் கூப்பிடுங்கள், 108-க்கு அடியுங்கள். தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. ஒருவரைக் காப்பாற்ற மூன்று பேர் இறங்கி நால்வரும் போகிற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்.

செலவுக் கணக்கு. புதுக் கண்ணாடி 9,400. அந்தத் தண்ணீர் புகாத பைக்குள் தண்ணீர் புகுந்து உப்பில் ஊறிய செல்போனைச் சரிசெய்ய 7,800. கண் தெரியாமல் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, ஆட்டோவுக்குப் போக வர 380. மருத்துவர், எக்ஸ்ரே, மாத்திரை 1,450. பயத்தில் ஒரு மாதம் கோவளம் பக்கமே போகாததில் காலாவதியான இரண்டு சர்ஃபிங் வகுப்புகள் 3,000. இதில் முதல் செலவு முழுக்கத் தவிர்த்திருக்கக் கூடியது. பவர் வைத்த நீச்சல் கண்ணாடி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மருத்துவர் விஷயம் முக்கியம். அன்று மதியம் வரை யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி வாக்கிங்கில் விழுந்து உடைந்தது என்று ஒரு பொய். மதியத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை, படியேறினால் இரைத்தது. அப்போதுதான் பயந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றுமே பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடல் நீர் நுரையீரலுக்குள் போனால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுக்குச் சிக்கல் வரலாம், காலையிலேயே வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். தண்ணீரில் தத்தளித்து மீண்ட யாருக்கும் இருமல், மூச்சுத்திணறல், அசதியான தூக்கம் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெட்கம் இங்கேயும் என்னை அரை நாள் தாமதிக்க வைத்தது.

இரண்டு வாரம் கழித்து இனிப்பு வாங்கிக்கொண்டு ஊரூர் குப்பத்துக்குப் போனேன். நைட்டியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் என்னை மணலில் உட்கார வைத்து, "கடலப் பாரு, அப்பாலிக்கா பேசலாம்" என்றார். கால் மணி நேரம் சும்மா பார்த்தோம். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை, நுரையும் குப்பையும் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே தண்ணீர் கலங்கி உள்ளே போகிறது. ஒரு காய்ந்த தேங்காய் மட்டையை எறிந்துவிட்டு அது வடக்கே போவதைக் காட்டினார். தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற இந்த ஓட்டத்துக்குத் தெண்டி என்று பெயராம். மழைக்காலம் நெருங்கும்போது அது மாறி வடக்கிலிருந்து வரும், அது வன்னி. நான் மண்டபத்துக்கு நேராக இறங்கிக் குப்பத்துப் பக்கம் ஒதுங்கியதற்குக் காரணம் தெண்டி. இன்னும் வடக்கே போயிருந்தால் உடைந்த பாலத்தை ஒட்டிய அடையாறு முகத்துவாரம், அங்கே ஆற்றின் இழுப்பும் சேர்ந்துகொள்ளும், மழை பெய்த வாரமென்றால் ஊர்ச் சாக்கடையும். முகத்துவாரம், கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கற்கள், படகு ஏற்றி இறக்கும் இடம், இந்த மூன்றுக்கும் பக்கத்தில் இறங்காதே என்றார்.

ஆகஸ்டில் மறுபடி கோவளம் போனேன், புதிதாகப் பணம் கட்டித்தான். நடந்ததைப் பையனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அலை உடையாத அந்தப் பாதையைக் கைகாட்டி, "அது எங்களுக்கு லிஃப்ட் அக்கா, அதுல படுத்தா சும்மா உள்ள கொண்டு போயி வுட்ரும்" என்றான். பலகையும், காலில் கயிறும், திரும்பி வருகிற வழியும் தெரிந்தவனுக்கு லிஃப்ட். நீந்த மட்டும் வேண்டுமென்றால் 2021-ல் நீலக் கொடிச் சான்று வாங்கிய கோவளம் கடற்கரைப் பகுதிதான் என் தேர்வு, குளிப்பதற்கென்று இடம் ஒதுக்கி, உயிர்காப்பாளர்களும் உடை மாற்ற அறையும் இருக்கின்றன. மெரினாவில் குளிக்கவே தடை. போகிற நேரம் காலைதான். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறினால் தண்ணீர் கொத்துக் கொத்தாகக் கலைந்துவிடும். இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று வாங்கியிருக்கிறேன், பார்க்கக் குழந்தை பலூன் மாதிரி இருக்கும், மகள் கேலி செய்கிறாள், செய்யட்டும். ஜெல்லி மீன், அதாவது சொறி, பட்டால் தேய்க்காமல் கடல் நீரிலேயே கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் குப்பத்துப் பக்கம் போனபோது பெரியவர் கூப்பிட்டார். "உன் கண்ணாடி வலையில வந்துச்சும்மா" என்று செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். பிரித்தேன். ஒரு பக்கக் கம்பி இல்லை, சட்டம் முழுக்கச் சிப்பி ஒட்டியிருந்தது. கறுப்பு, அகலமான ஆம்பளைக் கண்ணாடி. என்னுடையது இல்லை என்று சொன்னேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, படகின் இடுக்கில் செருகி வைத்தார்.